தாராசிங்கிடம் அடி வாங்கிய கிங்காங் யார்? குண்டு பயில்வானின் நிஜக் கதை!

(நமது நிருபர்)

ஓசூர் சிப்காட் அருகே ஒரு டீக்கடை. முதல் ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். பெஞ்சில் உட்கார இடம் இல்லை. ஒரு வாலிபரின் செல்போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஏதோ தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன். கிரைம் நிருபர் புத்தி எங்கே போகும்? எட்டிப் பார்த்தால்... குஸ்தி!

தாராசிங்கின் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் காட்சி. ஒரு பக்கம் கட்டுமஸ்தான உடம்போடு தாராசிங். எதிரே மலை மாதிரி ஒரு ஆசாமி. தாராசிங் அந்த மலையைப் பிடித்துச் சுற்றிக் கீழே சாய்த்தார். பீகார் வாலிபர் ஒருவர் கையில் இருந்த டீயைக் கொட்டிவிட்டுக் கை தட்டினார்.

ஓசூர் டீக்கடை எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பெஞ்சில் ஐந்து பாஷை. அத்திப்பள்ளியில் இருந்து வந்த கன்னட டிரைவர், பாகலூர் பக்கத்துத் தெலுங்குக்காரர், ஒடிசா ஆள், பீகார் ஆள், நம்மூர் ஆள். சினிமா நடிகர் பேரைச் சொன்னால் பெஞ்ச் நாலாகப் பிரியும். தாராசிங் பேருக்கு மட்டும் அத்தனை பேரும் ஒரே கட்சி! பீகார் வாலிபருக்கு அவர் தாத்தா சொன்ன கதை. கன்னட டிரைவருக்கு, டி.வி. ராமாயணத்தில் வந்த அனுமார். நம்ம ஆளுக்கு, பள்ளிக்கூடத்தில் வம்பு இழுப்பவனைக் கேலி செய்ய ஒரு பட்டப்பெயர்.

சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மோட்டார் கம்பெனி தம்பி ஒருவர், இதெல்லாம் சும்மா நாடகம், முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு விழுவார்கள் என்று சொல்லிவிட்டார். மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ரிடையர்டு பிட்டர் பெரியவர் ஒருவருக்கு வந்ததே கோபம்! சின்ன வயதில் சென்னையில் இந்தக் குஸ்தியை நேரில் பார்த்தவராம். தாராசிங்கைப் பொய் என்று சொன்னால் பெற்ற தகப்பனைச் சொன்ன மாதிரி துள்ளினார். தம்பியும் விடவில்லை. டீ ஆறிப்போச்சு. பேச்சு ஆறவில்லை.

நடுவில் யாரோ கேட்டார்கள், அந்தக் குண்டு ஆசாமி யார் என்று. கிங்காங் என்று பெரியவர் சட்டென்று சொன்னார். அது சரி, அம்மா அப்பா வைத்த பேர் என்ன?

யாருக்கும் தெரியவில்லை. பெரியவருக்கும் தெரியவில்லை. அறுபது வருஷமாக இந்த மனுஷன் விழுவதைப் பார்த்துக் கை தட்டுகிறோம், பேரே தெரியாது! அன்று ராத்திரி அந்த ஆசாமியின் கதையைத் தேடி உட்கார்ந்தேன்.

வீடு நகரவில்லை, நாடு மாறியது!

பேர் எமில் சாயா. ஆமாம், சாயாதான்! பாஷைக்கு பாஷை உச்சரிப்பு கொஞ்சம் மாறும். டீக்கடையில் தேடின ஆளுக்கு அப்படி ஒரு பேர் அமைந்ததற்கு நான் பொறுப்பில்லை.

பிறந்தது 1909-ல். ஊர் பிரசோவ். மலைகள் சூழ்ந்த பட்டணம். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் அந்த சாம்ராஜ்யம் சுக்குநூறாக உடைந்தது. பிரசோவ் ருமேனியா நாட்டோடு சேர்ந்துவிட்டது. பத்து வயதுப் பையன் எமில் வீட்டை விட்டு நகரவில்லை. நாடுதான் மாறியது!

இது நம்ம எல்லைப்புறத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் சென்னை ராஜ்யத்தோடு தங்கியது. ஜுஜுவாடியைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். கல்யாணம் கட்டிக்கொடுத்த பெண் ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம் என்று எத்தனை குடும்பங்கள்! பிரசோவிலும் வீதிக்கு வீதி ஹங்கேரி பாஷை, ருமேனிய பாஷை, ஜெர்மன் பாஷை. அப்படி ஒரு ஊரில் பிறந்தவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். இவர் பிழைத்தார். ஐரோப்பா, இந்தியா, ஆஸ்திரேலியா, மலாயா, சிங்கப்பூர், ஜப்பான் என்று உடம்பையே மூலதனமாக வைத்துச் சுற்றினார்.

உடம்பு என்றால் சாதாரண உடம்பா! விளம்பரங்களில் 400 ராத்தலுக்கு மேல் என்று போடுவார்கள். கிலோவில் சொன்னால் 180-க்கு மேல். இரண்டரை மூட்டை அரிசி எழுந்து நடந்து வந்தால் எப்படி இருக்கும்? அதுதான். ஒரு வேளைக்கு இத்தனை டஜன் முட்டை, இத்தனை முழுக் கோழி என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு சொன்னார்கள். டிக்கெட் விற்க வேண்டிய காண்டிராக்டர்கள் கிளப்பிவிட்ட கணக்கு அதில் பாதி இருக்கும்.

குரங்குப் பட்டம்!

1933-ல் அமெரிக்காவில் இருந்து 'கிங்காங்' என்ற சினிமா வந்தது. ராட்சதக் குரங்கு ஒன்று நியூயார்க் பட்டணத்தின் உச்சிக் கட்டடத்தில் ஏறி விமானங்களைக் கையால் அடிக்கிற படம். உலகமே அந்தப் பேரைப் பேசியது. எமில் சாயாவுக்கு அதையே பட்டமாக்கினார்கள். மனுஷனைக் குரங்கு என்று கூப்பிட்டால் வெட்டு குத்தில் முடியும் நம்ம ஊரில். இவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் சொந்தப் பேருக்கு வேலை இல்லாமல் போச்சு.

1930-களில் அவர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே குஸ்தி வேறு மாதிரி. செம்மண் கோதா. எண்ணெயும் மோரும் விட்டுப் பதப்படுத்திய மண். லங்கோடு கட்டிய இரண்டு பயில்வான்கள். எதிராளியின் முதுகை மண்ணில் பதித்தால் முடிந்தது கதை. மைசூர் தசராவில் இன்றைக்கும் இந்த நாட்டுக் குஸ்தி நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கரடி மனை என்று கேட்டால் காட்டுவார்கள். நம்ம கரடிக்கு அதில் சம்பந்தம் இல்லை. கன்னடத்தில் பயில்வான்கள் தேகப்பயிற்சி செய்யும் இடத்துக்கு அதுதான் பேர்.

வெள்ளைக்காரப் பயில்வான்கள் கொண்டுவந்த பிரீஸ்டைல் குஸ்தியில் மண் கிடையாது. பலகை மேடை, அதன்மேல் கித்தான், சுற்றிலும் கயிறு. குத்தலாம், உதைக்கலாம், தூக்கி எறியலாம். ஜனங்கள் டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாங்கின காசுக்கு அவர்களைக் கத்த வைக்க வேண்டும். அதற்கு ஒரு நல்லவன் வேண்டும், ஒரு கெட்டவன் வேண்டும். எமில் சாயா எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்லவும் வேண்டுமா!

சிங்கப்பூர் வாழ்க்கை

அவர் நிலையாகத் தங்கியது சிங்கப்பூரில். அந்தக் காலத்து சிங்கப்பூரில் மூன்று பெரிய கேளிக்கை மைதானங்கள். கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டு, ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, இன்னொன்று கிரேட் வேர்ல்டு. நம்ம ஊர் பொருட்காட்சி வருஷம் முழுக்க நடந்தால் எப்படியோ அப்படி. சீன நாடகம், டான்ஸ், சினிமா, தீனிக் கடை, ராட்டினம். கூடவே குத்துச்சண்டை, குஸ்தி. தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் இருந்து நியூ வேர்ல்டுக்கு நடந்தே போய்விடலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர், பஞ்சாபியர் எல்லோரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து ஒரே ஆளைத் திட்டினார்கள். கிங்காங்கை!

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திட்டை அவர் சம்பாதித்தார். அது சுலபமான தொழில் இல்லை. மேடைக்கு வரும்போதே ஜனங்களைப் பார்த்து முறைக்க வேண்டும். நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கழுத்தை நெரிக்க வேண்டும். கூட்டம் கொதித்து எழும்பும் வரைக்கும் அடிக்க வேண்டும். அப்புறம் விழ வேண்டும். விழுவதை ஊரே நம்புகிற மாதிரி விழ வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் எழுந்து வர வேண்டும்.

1947 வாக்கில் பஞ்சாபில் இருந்து ஒரு வாலிபர் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அமிர்தசரஸ் பக்கம் தர்முசக் கிராமம். 1928 நவம்பர் 19-ல் பிறந்தவர். வயது இருபது கூட ஆகவில்லை. பீப்பாய் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். ஆறடி இரண்டு அங்குல உயரத்தைப் பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? கிரேட் வேர்ல்டில் ஹர்னாம்சிங் என்ற பயில்வானிடம் குஸ்தி பழகினார். கோலாலம்பூரில் தர்லோக்சிங்கை வீழ்த்தி மலாயா சாம்பியன் ஆனார். அவர்தான் தாராசிங்!

ஆலைக் கூலியாக வந்தவர் சாம்பியன் ஆனார் என்றால் சிப்காட்டில் இருக்கிற வெளியூர்ப் பையன்களுக்கு ஏன் பிடிக்காது? டீக்கடையில் அந்த பீகார் வாலிபர் டீயைக் கொட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

வயதைக் கவனியுங்கள்!

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஆவணப்படத்தைப் பார்த்துக் கை தட்டிய யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. நானும் முதலில் போடவில்லை.

தாராசிங்கைவிட கிங்காங் பத்தொன்பது வயது மூத்தவர். தகப்பன் வயது என்றே சொல்லலாம். தாராசிங் டைகர் ஜோகிந்தர்சிங்கை ஜெயித்து 'ருஸ்தமே ஹிந்த்' பட்டம் வாங்கியது 1954-ல். அப்போது தாராசிங்குக்கு இருபத்தைந்து, இருபத்தாறு. கிங்காங்குக்கு நாற்பத்தைந்து. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை என்று இந்தியா பூராவும் மோதினார்கள். நாம் செல்போனில் பார்க்கிற அந்த மலை, ஐம்பது வயது மலை!

நம்ம கம்பெனிகளில் ஐம்பது வயது ஆனவர் பாரம் தூக்கினால், சின்னப் பையன்கள் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஐம்பது வயதுக்காரரையே தூக்கிப் பலகையில் போடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஊர், மூன்று ஊர். நடுவில் ரயில் பிரயாணம்.

ஜப்பானில் நடந்தது!

1955 நவம்பரில் கிங்காங் ஜப்பானுக்குப் போனார். ஜப்பானில் அப்போது ரிக்கிடோசான் என்ற பயில்வான் கொடிகட்டிப் பறந்தார். போரில் தோற்றுக் கிடந்த ஜனங்கள். தெருமுனையில் வைத்த டி.வி. பெட்டி முன்னால் ஆயிரக்கணக்கில் நின்று, ரிக்கிடோசான் வெள்ளைக்காரப் பயில்வான்களை அடிப்பதைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்கள்.

அங்கே ஆசிய சாம்பியன் பந்தயம். ஜோடிக் குஸ்தியில் கிங்காங்கும் டைகர் ஜோகிந்தரும் சேர்ந்து பட்டம் வென்றார்கள். முந்தின வருஷம் தாராசிங்கிடம் தோற்ற அதே ஜோகிந்தர்தான். நவம்பர் 22-ந்தேதி டோக்கியோவில் தனி ஆள் பந்தயம். கிங்காங்கைத் தோற்கடித்து ரிக்கிடோசான் ஆசிய சாம்பியன் ஆனார். ஜப்பான் கொண்டாடியது.

பாருங்கள், இந்தியா தன் வீரனைக் கொண்டாட கிங்காங் வேண்டும். ஜப்பான் தன் வீரனைக் கொண்டாட கிங்காங் வேண்டும். இரண்டு நாட்டுக்கும் அந்த உடம்பு ஒன்றுதான்! ரிக்கிடோசான் முடிவு பரிதாபமானது. 1963 டிசம்பரில் டோக்கியோ இரவு விடுதி ஒன்றில் நடந்த தகராறில் கத்திக்குத்துப்பட்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

நிஜமா, நாடகமா?

இப்போது டீக்கடைச் சண்டைக்கு வருவோம். தம்பி சொன்னது சரியா, பெரியவர் சொன்னது சரியா?

தாராசிங் நிஜப் பயில்வான். மண்ணில் உருண்டு வளர்ந்தவர். அதில் எள்ளளவும் சந்தேகம் வேண்டாம். 1959-ல் கல்கத்தாவில் கனடாக்காரர் ஜார்ஜ் கோர்டியன்கோவை ஜெயித்துக் காமன்வெல்த் சாம்பியன் ஆனவர். 1968-ல் பம்பாயில் அமெரிக்கச் சாம்பியன் லூ தெஸ்ஸை ஜெயித்தவர். கூட்டத்துக்குள் இருந்து யார் சவால் விட்டு மேடை ஏறினாலும் தாக்குப் பிடிக்கக்கூடிய உடம்பு.

ஆனால் பிரீஸ்டைல் குஸ்தி என்ற தொழில் உலகம் பூராவும் ஏற்பாட்டில் நடக்கிற தொழில். இதை யாரோ கதை கட்டவில்லை. 1989-ல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், அங்கே குஸ்தி நடத்துகிற பெரிய கம்பெனியே இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று சட்டசபைக்காரர்களிடம் ஒப்புக்கொண்டது. காரணம் சத்தியத்தின்மேல் உள்ள ஆசை இல்லை. போட்டி என்றால் சர்க்கார் கட்டுப்பாடு உண்டு, செலவு உண்டு. பொழுதுபோக்கு என்றால் மிச்சம்!

தாராசிங் கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி எறிந்தார் என்று கிழவர்கள் சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் தெரியும். 200 கிலோ இரும்புக் கம்பியைத் தூக்குகிற வீரர்கள் உலகத்தில் உண்டு. ஆனால் கம்பி திமிறாது. கம்பிக்கு வயிறு கிடையாது, அது ஒரு பக்கம் சரியாது. திமிறுகிற 180 கிலோ மனுஷனைத் தூக்க பீமனாலும் முடியாது. தூக்கப்படுகிறவர் சரியான நேரத்தில் ஒரு எம்பு எம்ப வேண்டும். உடம்பை விறைப்பாக வைத்துக்கொடுக்க வேண்டும். தூக்கினது தாராசிங் பலம். தூக்க விட்டது கிங்காங் வித்தை.

அப்புறம் விழுகிறார் பாருங்கள், அது நாடகம் இல்லை! பலகை பலகைதான். பூமி இழுக்கிற இழுப்பில் ஏற்பாடு கிடையாது. தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, முதுகு முழுக்க ஒரே சமயத்தில் படும்படி விழ வேண்டும். கையை விரித்துப் பலகையில் ஓங்கி அறைய வேண்டும். அப்போதுதான் வேகம் பரவும், சத்தமும் வரும். ஒரு நொடி தப்பினால் கழுத்து போச்சு. கீழே விழுகிறவன் உயிர் தூக்குகிறவன் கையில். மேலே விழுகிறவன் 180 கிலோ என்றால், கீழே கிடக்கிறவன் விலா எலும்பு அவன் கையில்! இத்தனை வருஷம் இத்தனை பேரோடு மோதியும் கிங்காங்கோடு மோத ஆள் வந்துகொண்டே இருந்தார்கள் என்றால், எதிராளியின் எலும்பைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்றுதான் அர்த்தம்.

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்காதவர் யார்? துரியோதனன் படுகளம் அன்று மண்ணில் நீட்டிப் படுத்த உருவத்தைப் பெண்கள் துடைப்பத்தால் சாத்துவதைப் பார்த்திருக்கிறோம். துரியோதனன் வேஷம் கட்டுகிற ஆள் ராத்திரி முழுக்க வசவு வாங்குவார். பீமன் கதாயுதத்தால் தொடையில் அடிக்கும்போது கூட்டம் ஓவென்று கத்தும். விடிந்ததும் அதே ஆள் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு வருவார். அவருக்குக் காசு வாங்காமல் டீ கொடுப்பார்கள். துரியோதனன் சரியில்லை என்றால் கூத்தே சரியில்லை என்று ஊர் பேசும். அது பொய் என்று யாராவது சண்டை போட்டதுண்டா?

கிங்காங்குக்கு விடியற்கால டீ கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஊர் ஊராகப் போகிறவருக்கு, அரிதாரம் கலைத்த முகத்தை யார் பார்த்தார்கள்?

சினிமாவிலும் தோல்வி!

1962-ல் பாபுபாய் மிஸ்திரி டைரக்‌ஷனில் இந்தியில் ஒரு படம் வந்தது. பேர் என்ன தெரியுமா? 'கிங்காங்'! கதாநாயகன் தாராசிங், கதாநாயகி கும்கும். கிங்காங் என்ற பட்டத்தை வைத்திருக்கிற பலசாலியை ஜெயித்துக் கதாநாயகன் அந்தப் பட்டத்தை வாங்குகிற மாதிரி கதை. நம்ம எமில் சாயாவும் அதில் நடித்தார். ஆக, கோதாவில் தோற்றது போதாதென்று, பேரையும் சினிமாவில் பறிகொடுத்தார்!

படம் ஓடியது. தாராசிங் கதாநாயகனாக நிலைத்துவிட்டார். பின்னாளில் இந்திப் பட உலகின் ராணியாக ஆன மும்தாஜோடு மட்டும் பதினாறு படங்கள். கிங்காங்குக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பிள்ளை குட்டி உள்ளவர். மற்ற பயில்வான்களைச் சேர்த்துப் பந்தயம் நடத்துகிற வேலையிலும் இறங்கியிருந்தார். ஆனாலும் மேடையை விடவில்லை. அந்தப் பெயரைப் போட்டால்தானே டிக்கெட் விற்கும்?

விபத்து

நான் கிரைம் நிருபர். மேலுமலை, சூளகிரி பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையில் விபத்து என்று போன் வராத நாள் குறைவு. பெயர், வயது, எந்த ஆஸ்பத்திரி, போலீசார் வழக்குப்பதிவு. நாலு வரி. இரண்டு அங்குலம். அடுத்த செய்தி. கிங்காங்கின் முடிவைப் படித்தபோது அந்த நாலு வரி ஞாபகம்தான் வந்தது.

மேடையில் ஆயிரம் தடவை விழுந்து எழுந்த மனுஷனைப் பயில்வான் யாரும் கொல்லவில்லை. மலேசியாவில் கார் விபத்தில் அடிபட்டார். சிங்கப்பூரில் 1970 மே மாதம் உயிர் பிரிந்தது. அறுபதைத் தாண்டியும் தாண்டாத வயது. ரோட்டில் தாடையை ஒட்டி வைத்துக் கையை விரித்து அறைந்து விழ நேரம் ஏது?

அந்த வருஷம் இந்த ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். சிப்காட் இல்லை. மொபெட் கம்பெனி இல்லை, லாரி கம்பெனி இல்லை. எல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாக வந்தவை. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004-ல்தான். ஊரே தலைகீழாக மாறிவிட்டது. குண்டாக ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கிங்காங் என்று கூப்பிடுகிற வழக்கம் மட்டும் மாறவில்லை. கூப்பிடுகிறவனுக்கு அது குரங்கின் பேர் என்றும் தெரியாது, மனுஷனின் பேர் என்றும் தெரியாது.

தாராசிங் 1983 வரை கோதாவில் இருந்தார். 1987-ல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமார் வேஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிப் போகும். டி.வி. பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினவர்கள் உண்டு. 2003-ல் ராஜ்யசபைக்கு நியமன எம்.பி. ஆனார். 2012 ஜூலை 12-ந்தேதி மும்பையில் 83 வயதில் காலமானார். நாடே அஞ்சலி செலுத்தியது. அவர் சாவுச் செய்தியில் எல்லாப் பத்திரிகையும் மறக்காமல் ஒரு வரி எழுதியது, கிங்காங்கை வீழ்த்தியவர் என்று. செத்து நாற்பத்திரண்டு வருஷம் கழித்தும் மனுஷன் ஒரு தடவை விழ வேண்டியிருந்தது!

மறுபடியும் டீக்கடையில்...

இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்கு அதே கடைக்குப் போனேன். பெரியவர் இருந்தார். நாடகம் என்று சொன்ன தம்பியும் இருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கையோடு கொண்டு போன விவரத்தைச் சொன்னேன். எமில் சாயா என்றதும் மாஸ்டர் ஒரு டீ போடப் போய்விட்டார். அதைச் சரிக்கட்ட கொஞ்ச நேரம் ஆச்சு.

வயதுக் கணக்கைச் சொன்னபோது பெரியவர் பீடியை அணைத்துவிட்டார். சென்னையில் பார்த்த அன்று, அந்தக் குண்டன்மேல் வாழைப்பழத் தோல் எறிந்த கூட்டத்தில் தானும் ஒருவன் என்றார். கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எல்லாம் ஏற்பாடு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. தாராசிங் தூக்கினதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவரோடு வாதாட நான் யார்?

தம்பி ஒன்றும் பேசவில்லை. செல்போனை எடுத்து அந்தக் காட்சியை மறுபடியும் ஓட விட்டார். இந்தத் தடவை எல்லோரும் தாராசிங்கை விட்டுவிட்டுக் குண்டு ஆசாமியையே பார்த்தார்கள். அந்த எம்பு தெரிந்தது. கீழே வரும்போது இடது கை அகல விரிந்து பலகையில் அறைந்தது தெரிந்தது. அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, இன்னொரு தடவை போடச் சொன்னார் பீகார் வாலிபர்.

மூன்றாவது தடவை ஓடும்போது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்கள். பெரியவர்தான் அத்தனை டீக்கும் காசு கொடுத்தார்.